குடல்வாலை எடுத்த பிறகும் போகாத வலி

கேள்வி: எனக்கு வயது 33. ஆறு ஆண்டுகளுக்கு முன் சிசேரியனில் குழந்தை பிறந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வலது அடிவயிற்றில் கடும் வலி, வாந்தி. குடல்வால் அழற்சி என்று சொல்லி அன்றிரவே அறுவை சிகிச்சை செய்து குடல்வாலை எடுத்துவிட்டார்கள். நான்கு மாதங்கள் நன்றாக இருந்தேன். பிறகு அதே இடத்தில் அதே வலி. குடல் எரிச்சல் நோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். கொலனோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை. இப்போது எடுத்த சி.டி. ஸ்கேனில் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சுவர் தடித்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஒரு மருத்துவர், காசநோயாக இருக்கலாம், இரண்டு மாதம் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்கிறார். இன்னொருவர் கிரோன் நோய், அதாவது குடலில் நீடிக்கும் ஒருவகை அழற்சி, என்கிறார். எனக்குக் காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. போன வாரம் என் அக்கா, "உனக்கு இந்த வலி மாதவிலக்குக்கு முந்தின நாள்தானே வருகிறது?" என்று கேட்டாள். அதுவரை நான் யோசித்ததே இல்லை. கர்ப்பப்பை நோய் குடலுக்கு வருமா? இது புற்றுநோயா? இரண்டாவது குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறோம். அதைத் தள்ளிப்போட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அக்கா கேட்டதை நாங்கள் கேட்டிருக்க வேண்டும். வயிற்று வலியோடு வருபவரிடம் எங்கே வலிக்கிறது, எங்கே பரவுகிறது, சாப்பிட்டால் கூடுகிறதா, மலம் கழித்தால் குறைகிறதா என்று மளமளவென்று கேட்போம். கடைசி மாதவிலக்குத் தேதியையும் கேட்கத்தான் செய்கிறோம். ஆனால் அது கர்ப்பம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக. படிவத்தில் அந்தக் கட்டம் நிரம்பியதும் தேதி மறந்துபோகிறது. வலி தொடங்கிய நாளையும் அந்தத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவசரப் பிரிவில் யாருக்கும் தோன்றுவதில்லை. முப்பது ஆண்டுகளாக வயிறு திறந்து தைத்துவரும் நானும் இந்தக் குற்றச்சாட்டுக்கு வெளியே இல்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வரும். கருப்பையின் உள்வரியைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே ஒட்டி வளர்வதைத்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்கிறோம். சினைப்பைகள், கருப்பைக்குப் பின்னால் உள்ள குழிவு, கருப்பையைத் தாங்கிப் பிடிக்கும் நார்கள் ஆகியவை அதன் வழக்கமான இடங்கள். அவற்றைத் தாண்டி குடல், குடல்வால், சிறுநீர்ப்பை, தொப்புள், அறுவைத் தழும்பு, ஏன், நுரையீரலுக்குக் கீழே உள்ள உதரவிதானம் வரைகூட அது போய் உட்காரும். உங்களுக்கு இருப்பது அதுதானா என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் வேறு எந்த நீண்ட சிகிச்சைக்குள்ளும் நுழையாதீர்கள் என்று சொல்ல முடியும்.

அளவையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயம் அதிகமாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகெங்கும் ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது. அவர்களில் சிறு பகுதியினருக்கே குடல் பாதிக்கப்படுகிறது. அந்தக் குடல் பாதிப்பிலும் மிகப் பெரும்பாலானவை மலக்குடலிலும் அதற்குச் சற்று மேலே உள்ள பெருங்குடல் வளைவிலும்தான். உங்கள் ஸ்கேன் சுட்டும் இடம், அதாவது சிறுகுடலின் கடைசிப் பகுதியும் பெருங்குடலின் தொடக்கமும் குடல்வாலும் கூடும் வலது மூலை, அதைவிடக் குறைவாகவே பாதிக்கப்படும். அரிது என்பதால்தான் அது யாருடைய நினைவிலும் முதலில் வருவதில்லை. அந்த மூலையில் குடல்வால் அழற்சி, காசநோய், கிரோன் நோய் என்று மூன்று பிரபலங்கள் ஏற்கெனவே இடம்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே எப்படிப் போகிறது? 1927-ல் ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் முன்வைத்த விளக்கம் இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது. மாதவிலக்கின்போது இரத்தம் வெளியே வருவதோடு, கொஞ்சம் கருக்குழாய்கள் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள்ளும் சிந்துகிறது. அதோடு சேர்ந்து போகும் உள்வரித் துணுக்குகள் விழுந்த இடத்தில் வேர்பிடிக்கின்றன. பின்னோக்கிச் சிந்துவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதுதான். சிலருக்கு மட்டும் ஏன் வேர்பிடிக்கிறது என்பதற்கு நோய் எதிர்ப்பாற்றல், மரபு, ஹார்மோன் என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். வயிற்றுக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் இருக்கிறது, அது தேங்கி நிற்பதில்லை. இடுப்புக்குழியிலிருந்து பெருங்குடலின் வலப்பக்க ஓரமாக மேலேறி, கல்லீரலுக்கு மேல் உதரவிதானத்தை எட்டுகிறது. அந்த ஓட்டத்தின் முதல் திருப்பத்திலேயே குடல்வால் தொங்கிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் இந்த ஒரு வழியால் விளக்கிவிட முடியாது. இரத்தக் குழாய், நிணநீர் வழியாகவும், அறுவை சிகிச்சையின்போது கையோடு போயும் திசு இடம் மாறலாம்.

போன இடத்தில் அது கருப்பையின் பழக்கத்தை விடுவதில்லை. மாதாமாதம் ஹார்மோனுக்குத் தக்கபடி வீங்கும், கசியும். வெளியேற வழியில்லாததால் சுற்றிலும் அழற்சியும் பின் தழும்பும் உண்டாகும். பாதிக்கப்பட்ட உறுப்புக்கோ தனக்குத் தெரிந்த இரண்டு மூன்று முறைகளில் மட்டுமே முறையிடத் தெரியும். சிறுநீர்ப்பைக்கு எரியவும் அடிக்கடி போகச் சொல்லவும் தெரியும். குடலுக்கு முறுக்கவும், உப்பவும், கழியவும், அடைத்துக்கொள்ளவும் தெரியும். ஆகவே எண்டோமெட்ரியோசிஸ் எந்த உறுப்பில் இருக்கிறதோ அந்த உறுப்பின் சாதாரண நோயைப் போலவே வந்து நிற்கிறது. பல நாடுகளில் இந்த நோயைக் கண்டுபிடிக்க 4 முதல் 11 ஆண்டுகள் ஆகின்றன என்றால் அதற்கு இது முக்கியமான காரணம். இன்னொரு காரணம், மாதவிலக்கு என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் சொல்லப்படும் அந்த ஒரே வாக்கியம்.

கொலனோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஏமாற்றமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ அது தடயமாகத் தெரிகிறது. குடல் சுவர் பல அடுக்குகளால் ஆனது. காசநோயும் கிரோன் நோயும் பொதுவாக உள்பக்கத்துச் சவ்வைப் புண்ணாக்கும், குழாயை விட்டுப் பார்த்தால் புண் தெரியும். எண்டோமெட்ரியோசிஸ் வெளிப்பக்கத்தில் ஒட்டி, அங்கிருந்து தசை அடுக்குக்குள் நுழைகிறது. தசை தடிக்கிறது, சுருங்குகிறது, குடல் மடங்குகிறது. உள்சவ்வு பெரும்பாலும் பளபளவென்றுதான் இருக்கும். வெளிச்சுவரில் விரிசல் விட்ட வீட்டுக்குள் நின்றுகொண்டு சுவரெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்வது போல. உள்சவ்விலிருந்து கிள்ளி எடுக்கும் சிறு துணுக்கில் தசை அடுக்கு வருவதே இல்லை, அதனால் அந்தத் திசுப் பரிசோதனையும் பெரும்பாலும் இயல்பு என்றே வரும். ஆனால் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் அறிக்கையில், குழாய் பெருங்குடலின் தொடக்கம் வரை போய், அங்கிருந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள்ளும் நுழைந்து பார்த்ததாக எழுதியிருக்கிறதா? அங்கே நுழையாமல் திரும்பியிருந்தால், கிரோனையும் காசநோயையும் ஒதுக்க அந்தப் பரிசோதனை போதாது. நான் மேலே சொன்ன தடயமும் பாதியாகிவிடும்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். பெரிய செலவு இல்லாத வேலை. புதிய ஸ்கேனுக்கு ஓடுவதற்கு முன், மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த குடல்வாலின் திசுப் பரிசோதனை அறிக்கையைத் தேடி எடுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது அந்த அறிக்கை வந்திருக்காது. சில நாள் கழித்து வரும், யாரோ கோப்பில் செருகியிருப்பார்கள். உங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். கடும் அழற்சி இருந்தது, சீழ் இருந்தது என்று அதில் எழுதியிருந்தால், அன்று உங்களுக்கு நிஜமாகவே குடல்வால் அழற்சிதான். அழற்சி இல்லை, நார்த்தன்மை இருக்கிறது என்பது போல எழுதியிருந்தால், அன்றைய வலிக்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்தது, யாரும் தேடவில்லை என்று பொருள்.

அறிக்கையோடு நின்றுவிடாதீர்கள். எடுத்த உறுப்பின் பகுதிகளை மெழுகுக் கட்டிகளில் பதித்துச் சோதனைக்கூடங்கள் பல ஆண்டுகள் பாதுகாத்து வைப்பது வழக்கம். பாதி தீப்பெட்டி அளவுகூட இருக்காத மங்கிய வெள்ளைக் கட்டி, ஓரத்தில் ஓர் எண். அதிலிருந்து இழை போல மெல்லிய சீவல்கள் எடுத்துத்தான் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். குடல்வால் முழுவதையும் சீவிப் பார்ப்பதில்லை, நுனி, நடு, அடி என்று இரண்டு மூன்று வெட்டுகள்தான். எண்டோமெட்ரியோசிஸ் தசையிலோ வெளி ஓரத்திலோ ஒரு புள்ளியாக இருந்தால் அந்த வெட்டுகளுக்கு நடுவே தப்பிவிடும். அந்த எண்ணைக் கொடுத்து, எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று இன்னும் சில சீவல்கள் எடுத்துப் பாருங்கள் என்று உங்கள் மருத்துவர் ஒரு வரி எழுதிக் கேட்கலாம். கருப்பையின் உள்வரியில் இருப்பது போன்ற சுரப்பியும் அதைச் சுற்றிய தாங்குதிசுவும் பழைய இரத்தக் கறையும் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் சி.டி.10 என்ற சாயம் உதவும். இந்தச் சி.டி.க்கும் ஸ்கேனுக்கும் தொடர்பு இல்லை, பெயர் மட்டும் அப்படி அமைந்துவிட்டது. கிடைக்காமலும் போகலாம். அப்படியானால் நோய் இல்லை என்று ஆகிவிடாது, இந்தக் கட்டியில் இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் மூன்று ஆண்டுக் குழப்பத்துக்கான பதில் ஓர் அலமாரியில் இருக்கக்கூடும் என்னும்போது அதைத் திறந்து பார்க்காமல் விடக் கூடாது.

காசநோய் மருந்து பற்றி. அந்த மருத்துவர் சொன்னதில் தவறில்லை. அந்த இடத்தில் சுவர் தடித்தால் காசநோயை நினைக்காத மருத்துவர்தான் தவறு செய்கிறார். மருந்து கொடுத்துப் பார்ப்பதும் சில சூழ்நிலைகளில் தேவைப்படும். ஆனால் உங்களுக்குக் காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. அவசரம் இல்லாதபோது, திசுவில் ஆதாரம் தேடாமல் ஆறு மாத மருந்துப் பாதையில் காலெடுத்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை. கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகள் அவை. அதோடு ஒரு விசித்திரமான சிக்கலும் உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், ஹார்மோன் மாத்திரைகளை உடல் வேகமாகக் கரைத்து வெளியேற்றும்படி செய்துவிடும். நாளை எண்டோமெட்ரியோசிஸ் என்று முடிவாகி ஹார்மோன் மாத்திரை கொடுத்தால், அது சரியாக வேலை செய்யாது. எதற்குமே பலன் இல்லை என்று நீங்களும் நாங்களும் சேர்ந்து குழம்புவோம். கிரோன் நோயைப் பொறுத்தவரை, மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற பொருளை அளக்கும் பரிசோதனை உதவும். அது நன்றாக உயர்ந்திருந்தால் குடலின் உட்பக்க அழற்சியை மேலும் தேட வேண்டும்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன் என்றேன். பல ஆண்டுகளுக்கு முன், சிசேரியன் தழும்பின் இடது ஓரத்தில் நெல்லிக்காய் அளவு கட்டியோடு ஒருவர் வந்தார். கல் போல இருந்தது, தொட்டால் வலித்தது. தையல் நூலைச் சுற்றி உண்டாகும் முடிச்சு என்று நினைத்து, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து வெட்டினேன். கத்திக்கு நறநறவென்று தட்டுப்பட்டது. வெள்ளை நாருக்கு நடுவே சின்னச் சின்னக் குழிகள், அவற்றிலிருந்து கரும்பழுப்பாகக் கெட்டியாக ஏதோ கசிந்தது. நூல் எங்கும் இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் என்று திசு அறிக்கை வந்த பிறகு அவரை அழைத்துக் கேட்டேன். "மாதாமாதம் அந்த நாளில்தான் வீங்கும் டாக்டர். நீங்கள் கேட்கவில்லையே, அதனால் சொல்லவில்லை" என்றார். கட்டியை ஒட்டினாற்போல வெட்டியிருந்ததால் இரண்டு ஆண்டுகளில் அதே இடத்தில் மீண்டும் வந்தது. இரண்டாவது முறை, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து எடுத்தேன். தழும்பில் வரும் எண்டோமெட்ரியோசிஸுக்கு மாத்திரை அவ்வளவாகக் கைகொடுக்காது, முழுமையாக வெட்டி எடுப்பதுதான் வழி. குடலிறக்கம், சீழ்க்கட்டி, கொழுப்புக்கட்டி என்று பல பெயர்களில் அது அறுவை அரங்குக்கு வந்து சேர்கிறது. சிசேரியன் செய்துகொண்ட பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. இருந்தாலும் உங்களுக்குச் சிசேரியன் ஆகியிருப்பதால், வலி வரும் நாட்களில் தழும்பின் இரு ஓரங்களையும் விரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

மற்ற இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களைப் போல வேறு இடத்தில் வலியோடு இதைப் படிப்பவர்கள் இருப்பார்கள். தொப்புளில் மாதாமாதம் நீலம் பாரித்து வீங்கும், சிலருக்குக் கசியும் முடிச்சு ஒன்று உண்டு. 1886-லேயே வில்லார் என்பவர் அதை விவரித்திருக்கிறார், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. தொடைமடிப்பில் வந்தால் குடலிறக்கம் போலிருக்கும், பெரும்பாலும் வலப்பக்கம். உதரவிதானத்தில் வந்தால் மாதவிலக்கு நாட்களில் வலது தோள்பட்டை வலிக்கும். எலும்பு மருத்துவர் தோளைப் படமெடுப்பார், தோளில் ஒன்றும் இருக்காது. மிக அரிதாக மாதவிலக்கு தொடங்கி 72 மணி நேரத்துக்குள் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து மூச்சுத் திணறும், அதுவும் பெரும்பாலும் வலப்பக்கமே. வயிற்றில் இரத்தம் கலந்த நீர் கோத்து, காசநோயோ சினைப்பைப் புற்றோ என்று அஞ்சவைப்பதும் உண்டு. சிறுநீர்ப்பையில் வந்தால், கிருமி வளராத சிறுநீர்த் தொற்றுக்கு மாதாமாதம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

இவற்றில் எனக்கு மிகவும் பயம் தருவது சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயை அது நெரிப்பதுதான். சத்தமே இருக்காது. வலிகூட இல்லாமல் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கி, ஒருநாள் செயலற்றுப்போயிருப்பது தெரியவரும். அதனால் ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது என்று சந்தேகித்தாலே, ஸ்கேன் எடுப்பவர் இரு சிறுநீரகங்களையும் பார்த்துவிட வேண்டும். உங்கள் சி.டி. அறிக்கையில் சிறுநீரகங்கள் இயல்பு என்று இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

தேதி பற்றி இவ்வளவு சொன்ன நானே அதற்கு எதிராகவும் வாதாட வேண்டும். மாதவிலக்கோடு வரும் வயிற்றுக் கோளாறு எல்லாம் எண்டோமெட்ரியோசிஸ் அல்ல. கருப்பையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள் குடலையும் சுருங்கவைக்கிறது. நோயே இல்லாத பெண்களுக்கும் அந்த நாட்களில் வயிறு கழிவது அதனால்தான். குடல் எரிச்சல் நோயும் அப்போது கூடும். அதுவும் எண்டோமெட்ரியோசிஸும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பதும் உண்டு. மறுபுறம், நோய் முற்றி தழும்பு இறுகியபின் வலி தேதியை மறந்து எந்நாளும் இருக்கத் தொடங்கும். அவர்களிடம் போய் மாதவிலக்கோடு வருகிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். தொடக்கத்தில் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். உங்களுக்கு நான்கு மாதங்கள் நிம்மதியாக இருந்ததற்கும் விளக்கம் உண்டு. குடல்வாலோடு நோயின் ஒரு பகுதி போயிருக்கலாம், அல்லது இந்த வலி மாதாமாதம் ஒரே கனத்தில் வருவதில்லை என்பதாகவும் இருக்கலாம்.

ஆகவே ஞாபகத்தை நம்பாமல் எழுதிவையுங்கள். இரண்டு மூன்று சுற்றுகள் போதும். நாட்காட்டியில் இரத்தப்போக்கு தொடங்கிய நாளைக் குறியுங்கள். வலி வந்த நாளில் அதன் கனத்தைப் பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். வாந்தி, வயிற்று உப்பல், மலம் போகும்போது வலி, மலத்தில் இரத்தம், சிறுநீர் கழிக்கையில் வலி, தாம்பத்திய உறவின்போது ஆழத்தில் வலி இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைக் குறித்தால் போதும். கடைசியாகச் சொன்னதை எழுதக் கூச்சப்பட வேண்டாம், இடுப்புக்குழியில் நோய் இருக்கிறதா என்பதற்கு அது நல்ல தடயம். வலிநிவாரணி எடுத்த நாளையும் குறியுங்கள். மாத்திரை சாப்பிட்டுவிட்டு வலி இரண்டு என்று எழுதினால் அந்த இரண்டு எங்களை ஏமாற்றும்.

இந்தத் தாளோடு எண்டோமெட்ரியோசிஸில் பழக்கமுள்ள மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அவர் இடுப்புக்குழியையும் சேர்த்து எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம், பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டையும் பரிந்துரைக்கலாம். குடலின் வலது மூலையில் இந்த நோய் இருந்தால் பெரும்பாலும் கீழே இடுப்புக்குழியிலும் ஏதாவது இருக்கும். ஸ்கேன் சீட்டில் வயிற்று வலி என்று மட்டும் எழுதி அனுப்ப விடாதீர்கள். குடல் எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம், குடல்வால் நீக்கப்பட்டது, சிசேரியன் ஆனது என்று எழுதச் சொல்லுங்கள். தேடுபவருக்கு எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் கண்ணில் படும். சி.ஏ.125 என்ற இரத்தப் பரிசோதனையை யாராவது எடுத்து, அது உயர்ந்திருக்கிறது என்று உங்களைக் கலங்கடித்தால் கலங்க வேண்டாம். எண்டோமெட்ரியோசிஸ், வயிற்றுக் காசநோய், சினைப்பைப் புற்று மூன்றிலும் அது உயரும், மாதவிலக்கு நாளில் எடுத்தால் சும்மாவே உயரும். எண்டோமெட்ரியோசிஸைக் கண்டறிய அது உதவாது என்பது இப்போதைய வழிகாட்டுதல்.

முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பி செய்து, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவை விட்டு, கண்ணால் பார்த்தால்தான் நோய் உறுதி என்போம். 2022-ல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுநெறி அதைத் தளர்த்திவிட்டது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் சந்தேகம் நீடிப்பவர்களுக்கும், மருந்து பலிக்காதவர்களுக்கும், மருந்து பொருந்தாதவர்களுக்கும் மட்டும் லேப்ராஸ்கோப்பி செய்தால் போதும் என்கிறது. உங்கள் நிலையில் அது தேவைப்படலாம் என்றே நினைக்கிறேன். காசநோயா, கிரோனா, எண்டோமெட்ரியோசிஸா என்று மூன்று வழி பிரியும் இடத்தில் ஒரு துண்டு திசு எல்லோர் வாயையும் அடைக்கும். ஒரே நிபந்தனை, அந்த நாளில் மகப்பேறு மருத்துவரும் குடல் அறுவை மருத்துவரும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் திறந்து பார்த்து, இது என் துறை இல்லை என்று மூடிவிட்டு, இன்னொரு நாளுக்கு இன்னொருவரிடம் அனுப்பும் நிலை வரக் கூடாது. என்னென்ன கண்டால் என்னென்ன செய்வார்கள், குடலை வெட்டி இணைக்க நேரலாமா என்பதை முன்னதாகவே பேசி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்.

நோய் உறுதியானால், அடைப்பு இல்லாத பட்சத்தில் டையெனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்டின் வகை ஹார்மோன் மாத்திரையிலேயே பலருக்கு வலி அடங்குகிறது. குடல் குறுகியிருந்தால் மாத்திரை அழற்சியைத் தணிக்குமே தவிர இறுகிய தழும்பைக் கரைக்காது, அங்கே அறுவைதான். மாத்திரைக்கு வலி குறைந்ததால் நோய் உறுதி என்றோ, குறையாததால் நோய் இல்லை என்றோ முடிவுகட்ட வேண்டாம்.

புற்றுநோயா என்று கேட்டீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் புற்றுநோய் அல்ல. இந்தத் திசு புற்றாக மாறுவது மிக அரிது. உங்கள் வயதும், மூன்று ஆண்டுகளாக வந்து வந்து போகும் போக்கும், எடை குறையாததும் ஆறுதலான அடையாளங்கள். ஆனாலும் தடித்த குடல் சுவரைத் திசுவில் பார்க்காமல் எந்த மருத்துவரும் சத்தியம் செய்ய முடியாது, செய்தால் நம்பாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், காற்றும் மலமும் போகாமல் இருந்தால், மலத்தில் இரத்தம் கொட்டினால், காய்ச்சலோடு வயிறு பலகை போல இறுகினால், மயக்கம் வந்தால், இதில் எதற்கும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே குடல்வால் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்வி, குழந்தை. அதை இந்தக் கடிதத்தில் எனக்குச் சொன்னது போலவே, மருந்து எழுதும் ஒவ்வொருவரிடமும் சீட்டு எழுதும் முன் சொல்லிவிடுங்கள். எண்டோமெட்ரியோசிஸுக்கான ஹார்மோன் மருந்துகள் எடுக்கும் காலத்தில் பெரும்பாலும் கருத்தரிக்க முடியாது, அவை கருவுறும் வாய்ப்பைக் கூட்டுவதும் இல்லை. அதனால் குழந்தை வேண்டும் என்பவருக்குச் சிகிச்சையின் வரிசையே வேறு. குழந்தை பெற்றுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம். மாதவிலக்கு நின்றிருக்கும் வரை சிலருக்கு வலி குறையும், பிறகு திரும்பும். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு குழந்தை பிறந்திருக்கிறது, அது நல்ல செய்தி. ஆனால் தடித்த அந்த மூலை என்ன என்று தெரியும் முன் கர்ப்பமானால், ஸ்கேன், லேப்ராஸ்கோப்பி, மருந்து எல்லாமே சிக்கலாகிவிடும். குடல்வாலின் மெழுகுக் கட்டியைத் தேடவும், நாட்காட்டி எழுதவும், எம்.ஆர்.ஐ. எடுக்கவும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை தள்ளிப்போடுங்கள், அதன்பின் விடை கையில் இருக்கும்போது கணவரோடு உட்கார்ந்து மீண்டும் பேசுங்கள். குடல்வால் அறிக்கை கிடைத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.